கைக்குட்டையில் தேசத் தந்தை

அமெரிக்காவின் பழைய அச்சுத் துணிகளைச் சேகரிப்பவர்கள் முதலில் கேள்விப்படும் கதை ஒன்று உண்டு. 1776-ஐ ஒட்டிய காலத்தில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜான் ஹியூசன் என்ற துணி அச்சுக்காரர் ஒரு சதுரக் கைக்குட்டையை அச்சிட்டார் என்கிறார்கள். நடுவில் குதிரைமேல் ஜார்ஜ் வாஷிங்டன். சுற்றிலும் கொடிகள், பீரங்கிகள். கூடவே, விடுதலையின் காவலர் என்று அவரைப் போற்றும் எழுத்துகள். அதை அச்சிடச் சொன்னவர் அவருடைய மனைவி மார்த்தா என்பது வழிவழியாக வரும் செய்தி.

இந்தக் கைக்குட்டையோடு ஒப்பிடப்படும் காகிதப் படம் ஒன்று 1775-இல் லண்டனில் வெளியானது. வரைந்தவர் பெயர் காம்ப்பெல் என்று அதில் போட்டிருந்தார்கள். 1776 ஜனவரியில் வாஷிங்டன் தன் உதவியாளராக இருந்தவருக்கு எழுதிய கடிதத்தில், இந்த காம்ப்பெல்லைத் தான் பார்த்ததே இல்லை என்றும், தன் முகத்தில் போதுமான அளவு பயங்கரத்தைச் சேர்த்திருக்கிறார் என்றும் கேலியாகக் குறிப்பிடுகிறார். எதிரியின் தலைநகரில் யாரோ கற்பனையாக வரைந்த முகம்தான் நாட்டுப்பற்றின் முகமாக ஊரெங்கும் சுற்றியது.

அச்சுக்காரரின் பெயர் நமக்குத் தெரியும். படத்தில் இருப்பவர் பெயரைச் சொல்லவே வேண்டாம். அச்சடித்து வந்த துணியை வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, துவைத்து, பெட்டியில் வைத்து, பேத்தி கையில் கொடுத்தவர் யார்? இந்தத் துணிகளை நான் சேகரிக்கத் தொடங்கியதற்குக் காரணம் இந்தக் கேள்விதான்.

கணவரின் வேலை காரணமாக ஆறு ஆண்டுகள் நியூஜெர்சியில் இருந்தேன். என் கடவுச்சீட்டில் ஒட்டியிருந்தது எச்-4 விசா. அரசாங்க மொழியில் நான் ‘சார்ந்திருப்பவர்’. வேலை பார்க்க அனுமதி கிடையாது. வார இறுதிகளில் பழைய பொருள் சந்தைகளுக்குப் போவது பழக்கமானது. அங்கே துணிகள் மேசைக்கு அடியில், அட்டைப் பெட்டியில் கிடக்கும். வெள்ளிக் கரண்டிகளும் துப்பாக்கிகளும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும். இருபது டாலருக்குள் கிடைத்தவற்றை மட்டும் வாங்கினேன். இன்று என்னிடம் இருப்பவை பதினொரு துண்டுகள். அவற்றோடு அருங்காட்சியகங்களில் பார்த்தவற்றையும் சேர்த்து யோசித்தபோது எனக்குப் புரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

சாயவேரிலிருந்து தொடங்கும் கதை

பருத்தித் துணியில் துவைத்தாலும் போகாத சிவப்பை ஏற்றுவது எப்படி என்று ஐரோப்பாவுக்கு நெடுங்காலம் தெரியாது. சோழமண்டலக் கரைக்குத் தெரிந்திருந்தது. படிகாரத்தைத் துணியில் வரைந்து, சாயவேரில் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். 1742-இல் கோர்தூ என்ற பிரெஞ்சு பாதிரியார், தான் மதம் மாற்றிய துணி ஓவியர்களிடம் இந்த முறையை ஒவ்வொரு படியாகக் கேட்டு, பிரான்சுக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். தொழில் ரகசியம் அச்சாகிப் பரவியது. ஐரோப்பியர்கள் சாயவேருக்குப் பதிலாக மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த தங்கள் ஊர் வேரைப் பயன்படுத்தினார்கள். வாஷிங்டனைச் சிவப்பில் காட்டும் துணிகள் எல்லாம் இந்தத் தொழில்நுட்பத்தின் பேரப்பிள்ளைகள்.

ஆனால் நம் சீட்டித் துணி இங்கிலாந்துக்குள் போனபோது அடி வாங்கியது யார் தெரியுமா? பெண்கள். உள்ளூர்க் கம்பளியையும் பட்டையும் காப்பாற்ற, 1700-இல் அச்சிட்ட இந்தியத் துணிகளின் இறக்குமதியைத் தடை செய்து சட்டம் வந்தது. அது போதாமல் 1719-இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். காலிகோ உடுத்திய பெண்களைத் துரத்தி ஆடையைக் கிழித்தார்கள். மையையும் அமிலத்தையும் வீசினார்கள். அந்தப் பெண்களைக் கேலி செய்யும் பாட்டுகள் அச்சாகி விற்றன. 1721-இல் அந்தத் துணியை உடுத்துவதையே தடை செய்யும் சட்டம் வந்தது. இறக்குமதி செய்த வணிகரின் கோட்டை யாரும் கிழிக்கவில்லை. நாட்டுப்பற்று என்பது பெண் என்ன உடுத்துகிறாள் என்று கண்காணிக்கும் வேலையாக மாறுவதற்கு இது ஒரு தெளிவான பழைய உதாரணம். இன்றும் ‘நம் பண்பாட்டு உடை’ என்று யாராவது குரல் உயர்த்தும்போது எனக்கு 1719 நினைவுக்கு வருகிறது.

எதிரி அச்சிட்ட நாட்டுப்பற்று

அரை நூற்றாண்டு கழித்து, அட்லாண்டிக்கின் மறுகரையில் துணி மறுபடியும் அரசியலானது. பிரிட்டன் போட்ட வரிகளை எதிர்த்து அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் பொருட்களைப் புறக்கணித்தன. 1760-களின் இறுதியில் ஊர் ஊராகப் பெண்கள் கூடி ராட்டையில் நூற்றார்கள். வீட்டில் நூற்ற துணி பெருமைக்குரியதானது. சுதேசி இயக்கக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாக இருக்காது. 1774 அக்டோபரில் வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் 51 பெண்கள் புறக்கணிப்பு உறுதிமொழியில் தங்கள் பெயரையே எழுதிக் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டே லண்டனில் அவர்களைக் கேலி செய்யும் படம் வெளிவந்தது. அதில் ஆண்மை கலந்த முகங்களோடு அவர்களை வரைந்திருந்தார்கள். குழந்தையை மேசைக்கு அடியில் கவனிக்காமல் விட்டவர்கள் என்றும் காட்டியிருந்தார்கள். அரசியல் பேசும் பெண்ணைக் கேலி செய்ய இன்றும் இதே இரண்டு வழிகள்தான் பயன்படுகின்றன.

போர் முடிந்தது. அமெரிக்கா வென்றது. ராட்டை சுற்றிய கைகளுக்கு என்ன கிடைத்தது? சுமார் 1785-இல் இங்கிலாந்தில் ஒரு துணி அச்சானது. அயர்லாந்தின் டிரம்காண்ட்ராவில் 1752-இல் பிரான்சிஸ் நிக்சன் தொடங்கிவைத்த செப்புத்தகடு முறையில், ஒரே நிறத்தில், மெல்லிய கோடுகளோடு அச்சிட்ட மெத்தை விரிப்புத் துணி அது. சிறுத்தைகள் இழுக்கும் தேரில் வாஷிங்டன். இன்னொரு பக்கம் பெஞ்சமின் பிராங்க்ளின் புகழின் கோயிலை நோக்கிப் போகிறார். தோற்ற நாட்டின் ஆலைகள் வென்ற நாட்டின் தலைவர்களை அச்சிட்டு, வென்ற நாட்டுக்கே விற்றன. நம் பாட்டிமார் வாங்கிய மான்செஸ்டர் துணிக் கட்டுகளில் லட்சுமியும் கிருஷ்ணனும் ஒட்டுச்சீட்டாக வந்ததும் இதே வியாபார மூளைதான். வாங்குபவர் எதைக் கும்பிடுகிறாரோ அதை அச்சிட்டு விற்றார்கள்.

இந்தத் துணியில் பெண்கள் இல்லாமல் இல்லை. வாஷிங்டனின் தேரில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் ‘அமெரிக்கா’. பிராங்க்ளின் அருகில் இருப்பவள் ‘விடுதலை’. ஆண்களுக்குச் சொந்த முகமும் பெயரும் கிடைக்கின்றன. பெண்ணுக்குக் கிடைப்பது ஒரு கருத்தின் பெயர். பாரத மாதாவையும் தமிழ்த்தாயையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகத் தெரியும். நாட்டைத் தாயாக வரைந்தவர்கள், வீட்டில் இருந்த தாய்க்கு வாக்குரிமை கொடுக்கப் பல ஆண்டுகள் யோசித்தார்கள்.

உயிரோடு இருந்த ஒரு பெண்ணின் முகம் பொருட்களில் பதிந்தபோது என்ன நடந்தது என்பதற்கும் சான்று இருக்கிறது. 1886-இல் குரோவர் கிளீவ்லாந்து ஆட்சித் தலைவராக இருக்கும்போதே பிரான்சஸ் போல்சமை மணந்தார். அவருக்கு வயது 21. அவருடைய முகத்தை வியாபாரிகள் யாரும் அனுமதி கேட்காமல் விளம்பரங்களில் போட்டார்கள். 1888 தேர்தல் சுவரொட்டியில் இரண்டு வேட்பாளர்களுக்கும் நடுவில் அவர் முகம் இருந்தது. வாக்களிக்க உரிமை இல்லாத பெண்ணின் முகம் வாக்குச் சேகரித்தது. இப்படிப் பயன்படுத்துவதைத் தடுக்க அதே ஆண்டு அமெரிக்க காங்கிரசில் ஒரு மசோதா வந்தது. அது நிறைவேறவில்லை.

விடுதலைக் காவலரின் வீட்டு ஊசி

‘விடுதலையின் காவலர்’ என்று துணியில் அச்சிடப்பட்டவரின் வீட்டில், அவர் மனைவியின் துணிமணிகளைக் கவனித்தவர் ஓனா ஜட்ஜ். அடிமையாகப் பிறந்தவர். தையலில் அவர் கைதேர்ந்தவர் என்று வாஷிங்டனே எழுதியிருக்கிறார். மார்த்தாவின் பேத்திக்குத் திருமணப் பரிசாகத் தன்னைக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1796 மே மாதம் பிலடெல்பியா வீட்டில் எல்லாரும் இரவு உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஓனா வெளியேறினார். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத்துக்குப் போனார். அவரைப் பிடித்துத் தந்தால் பத்து டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அவரிடம் பலவகை நல்ல உடைகள் இருப்பதால் அவர் எதை உடுத்தியிருப்பார் என்று சொல்வது கடினம் என்ற பொருளில் அதில் எழுதியிருந்தார்கள்.

வாஷிங்டன் அரசு அதிகாரியைக் கொண்டு அவரைத் திரும்ப வரவழைக்க முயன்றார். பிற்காலத்தில் விடுதலை தருவதாக உறுதியளித்தால் திரும்புவதாக ஓனா சொல்லி அனுப்பினார். வாஷிங்டன் அந்தப் பேரத்துக்கு உடன்படவில்லை. ஓனா திரும்பவில்லை. படிக்கக் கற்றுக்கொண்டார். 1840-களில், முதிய வயதில், அடிமை ஒழிப்புப் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தார். வசதியான வீட்டை விட்டு வந்ததற்கு வருத்தமில்லையா என்று கேட்டதற்கு, இல்லை, நான் சுதந்திரமானவள் என்ற பொருளில் பதில் சொன்னார். 1848-இல் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவர் தப்பியோடிய சொத்துதான்.

துணியின் நூலுக்குள்ளும் இதே கதை இருக்கிறது. 1793-இல் விதை நீக்கும் இயந்திரம் வந்தபின் அமெரிக்கத் தென்பகுதியில் பருத்திச் சாகுபடி பெருகியது. 1860 வாக்கில் பிரிட்டிஷ் ஆலைகள் பயன்படுத்திய பஞ்சில் முக்கால் பங்குக்கும் மேல் அங்கிருந்து, அடிமைகளின் உழைப்பில் வந்தது. வயலில் பறித்தவர்களில் பாதிப்பேர் பெண்கள் என்று வைத்துக்கொண்டாலும், ‘சுதந்திரம்’ என்று அச்சிட்ட துணியில் எத்தனை பெண்களின் விரல் பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதைச் சொன்னால் சேகரிப்பவர்கள் சிலருக்குப் பிடிப்பதில்லை. ‘அழகான பொருளில் ஏன் அரசியலைக் கலக்கிறீர்கள்?’ என்கிறார்கள். துணியில் அச்சாகியிருப்பது தேர்தல் வேட்பாளரின் படம்!

ஓரத்தையலைப் படிப்பது

பழைய துணியை வாங்கும்போது எல்லாரும் படத்தைப் பார்ப்பார்கள். நான் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பேன். மர அச்சா, செப்புத்தகடா, உருளையா என்பது கோட்டின் தன்மையிலும் படம் திரும்ப வரும் இடைவெளியிலும் தெரியும். உருளை அச்சுக்கு 1783-இல் ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் பெல் காப்புரிமை வாங்கினார். அதன்பின் துணி மலிவானது, தலைவர்களும் மலிவாகக் கிடைத்தார்கள். இரும்புக் காரம் சேர்த்த கரும்பழுப்புச் சாயம் காலப்போக்கில் நூலை அரித்துவிடும். அதனால் பல துணிகளில் தலைவரின் கோட்டும் புருவமும்தான் முதலில் உதிர்ந்து ஓட்டையாகின்றன.

பிறகு ஓரம். அச்சுக்கூடத்தில் இருந்து கைக்குட்டைகள் வரிசையாக ஒரே நீளத் துணியில் வரும். வாங்கியவர் வெட்டி ஓரம் அடிக்க வேண்டும். என்னிடம் உள்ள ஒரு துண்டில் மூன்று பக்கம் ஒரே சீரான நுண்தையல். நான்காவது பக்கம் கோணல். தாய் தொடங்கியதை மகள் முடித்தாளா, கண் மங்கிய பாட்டி முடித்தாளா, தெரியாது. ஆனால் இரண்டு கைகள் அதில் இருக்கின்றன என்பது உறுதி.

சில துணிகளின் மூலையில் சிவப்பு நூலில் குறுக்குத் தையலாக இரண்டு எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். வீட்டுத் துணிகளுக்கு அடையாளம் போடும் வழக்கம் அது. சிறுமிகளுக்கு எழுத்து கற்பிக்கும்போதே இந்தத் தையலையும் பழக்கினார்கள். பழைய ஆங்கிலேய, அமெரிக்கச் சட்டப்படி திருமணமான பெண்ணின் அசையும் பொருட்கள் கணவனுக்குச் சொந்தம். நிலம் பெரும்பாலும் மகன்களுக்குப் போகும். பெண்வழியாக இறங்கி வந்தவை படுக்கை விரிப்புகளும் மேசைத் துணிகளும். திருமணத்துக்கு முன்பே தைத்து வைத்ததால் பல துணிகளில் இருப்பது பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரின் முதலெழுத்து. சட்டத்தில் மறைந்த பெயர் துணியின் மூலையில் தங்கிவிட்டது. சந்தைப் பட்டியல்களில் இந்த எழுத்துகளைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிசயம். துவைக்காத, பயன்படுத்தாத துணிக்கு விலை அதிகம். அடையாளம் போட்டு, ஒட்டுப்போட்டு, துவைத்துத் துவைத்து மெலிந்த துணிக்கு ‘சேதம்’ என்று பெயர்.

என் சேகரிப்பில் பெரியது ஒரு முடிக்கப்படாத குவில்ட். நம்மூர் ஒட்டுத்துணிப் போர்வை போலத்தான். நடுவில் 1876-ஆம் ஆண்டின் நினைவுக் கைக்குட்டை ஒன்றை வைத்து, சுற்றிலும் பழைய கவுன் துண்டுகளைச் சேர்த்துத் தைத்திருக்கிறார் ஒரு பெண். விற்ற வியாபாரி, நடுச் சதுரத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினால் நல்ல விலை போகும் என்று யோசனை சொன்னார். சுற்றியுள்ளது ‘வெறும் ஒட்டு’ என்றார். அப்படி வெட்டப்பட்ட சதுரங்கள் எத்தனையோ சுவர்களில் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு பெண்ணின் பல மாத உழைப்பு கத்தரிக்கோலுக்குப் போயிருக்கிறது. நான் வெட்டவில்லை. முழுதாகவே வைத்திருக்கிறேன், அமிலமில்லாத தாள் இட்டு, மடிக்காமல் உருளையில் சுற்றி.

1876: கைக்குட்டைக்கு வெளியே நடந்தது

அந்த நடுச் சதுரத்தில் இருப்பவை பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சியின் கட்டடங்கள். சுதந்திரப் பிரகடனத்தின் நூறாவது ஆண்டைக் கொண்டாட மே 10 அன்று தொடங்கிய அந்தக் காட்சிக்கு ஏறத்தாழ ஒரு கோடி நுழைவுகள் பதிவாயின. கலைக்கூடம் இருக்கிறது, இயந்திரக் கூடம் இருக்கிறது. என் கைக்குட்டையில் பெண்கள் கூடம் இல்லை.

பொருட்காட்சிக்காக நாடு முழுவதும் நிதி திரட்டியவர்கள் பெண்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் எலிசபெத் டுவேன் கில்லெஸ்பி, பிராங்க்ளினின் கொள்ளுப்பேத்தி. தொடங்குவதற்கு ஓராண்டு முன்பு, பெண்களின் பொருட்களுக்கு முக்கியக் கட்டடத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பெண்கள் மறுபடியும் நிதி திரட்டித் தனிக் கட்டடம் கட்டினார்கள். அங்கே தறிகளையும் அச்சு இயந்திரத்தையும் ஓட்டிய நீராவி எஞ்சினை இயக்கியவர் கனடாவைச் சேர்ந்த எம்மா அலிசன். ஒரு பெண் எஞ்சின் ஓட்டுவதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அந்த அச்சு இயந்திரத்தில் பெண்களே ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள்.

ஜூலை 4 அன்று சுதந்திர மண்டபத்தில் விழா. பெண்களின் உரிமைப் பிரகடனத்தை மேடையில் வழங்க அனுமதி கேட்டார்கள் வாக்குரிமைப் போராளிகள். மறுக்கப்பட்டது. பழைய பிரகடனம் வாசித்து முடிந்த கணத்தில் சூசன் பி. அந்தோணி, மடில்டா ஜாஸ்லின் கேஜ் உள்ளிட்ட ஐந்து பெண்கள் எழுந்து மேடைக்கு நடந்தார்கள். தலைமை வகித்த தாமஸ் பெர்ரியின் கையில் தங்கள் பிரகடனத்தைக் கொடுத்தார் அந்தோணி. திரும்பும்போது இருபுறமும் அச்சுப் பிரதிகளை விநியோகித்தார்கள். வெளியே இருந்த வாத்திய மேடையில் ஏறி அந்தோணி அதைக் கூட்டத்துக்கு வாசித்தார். வெயிலுக்குக் கேஜ் குடை பிடித்தார். இன்னும் 44 ஆண்டுகள் கழித்தே, 1920-இல், அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சேகரித்த பெண்கள்

இந்தத் துணிகள் இன்று நம் கண்ணில் படுவதற்கும் பெண்கள்தான் காரணம். சாரா, எலினார் ஹியூவிட் சகோதரிகள் 1897-இல் நியூயார்க்கின் கூப்பர் யூனியனில் தொடங்கிய அலங்காரக் கலை அருங்காட்சியகம்தான் இன்றைய கூப்பர் ஹியூவிட். வடிவமைப்பைத் தொழிலாகக் கற்க வந்த மாணவர்கள், துணியையும் சரிகையையும் அருகில் வைத்துப் பார்த்துப் பழகட்டும் என்பது அவர்கள் நோக்கம். 1947-இல் வெர்மான்டில் ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தை நிறுவிய எலெக்ட்ரா ஹேவ்மேயர் வெப், குவில்ட்களைக் கட்டிலில் இருந்து எடுத்துச் சுவரில் கலையாகக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர். அவருடைய தாய் லூயிசின் ஹேவ்மேயர் 1919-இல், அறுபது வயதைக் கடந்தபின், வாக்குரிமைப் போராட்டத்தில் கைதாகிச் சிறை சென்றவர். இவர்கள் எல்லாரும் பெரும் பணக்காரர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சேர்த்துவைக்க வீடும் பணமும் வேண்டும். வாடகை வீட்டில் இருந்தவர்களின் துணி கந்தலாகி, தரை துடைத்து, முடிந்துபோயிருக்கும். அருங்காட்சியகத்தில் நாம் பார்ப்பது அந்த வடிகட்டலுக்குப் பின் மிஞ்சியது.

அதனால் என் பதிவேட்டில் ஒவ்வொரு துணிக்கும் படத்தின் பெயரைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நூல், நெசவு. அடுத்து சாயம். அடுத்து ஓரம்: எத்தனை கைகள், எந்த நிற நூல். பிறகு ஒட்டு, கறை, அடையாள எழுத்து. தைத்தவரின் பெயர் என்ற இடத்தில் ‘அறியப்படாதது’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். ‘ஒரு பெண், பெயர் பதியப்படவில்லை’ என்று எழுதுகிறேன். முதலாவது, யாருக்கும் தெரியாமல் போனது தற்செயல் என்று சொல்கிறது. இரண்டாவது, பதியாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்கிறது.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியிலும் ஏதாவது இருக்கலாம். கொடி அச்சிட்ட கைக்குட்டை, தலைவர் படம் போட்ட துண்டு, கட்சிக்கரை வேட்டி, பாட்டி ஒட்டுப்போட்ட போர்வை. தூக்கிப் போடுவதற்கு முன் திருப்பிப் பாருங்கள். ஓரம் அடித்தவர் யார் என்று தெரிந்த கடைசி ஆள் நீங்களாக இருக்கக்கூடும். ஒரு தாளில் அவர் பெயரை எழுதி, துணியோடு சேர்த்து வையுங்கள்.